புது தெர்மோஸ்டாட் போட்டும் லாரி இன்ஜின் 60 டிகிரி தாண்ட மாட்டேங்குது

டிப்பர்வாசி:

வணக்கம். வண்டி 6 சிலிண்டர், 5.9 லிட்டர், காமன் ரெயில் டர்போ டீசல். தெர்மோஸ்டாட்டில் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணியை, அதாவது கூலண்டை, ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற வால்வு) 82 என்று அச்சு இருக்கு, அதுதான் திறக்கிற டிகிரி. இன்ஜின் சூடு ஏறவே மாட்டேங்குது, மீட்டர் முள் கால்வாசிக்குக் கீழேயே படுத்துக் கிடக்கு. ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்த்த கணக்கு:

காலி வண்டி, சமதளம், 60 கி.மீ. வேகம்: 58 முதல் 62 டிகிரி
முழு லோடு, நீண்ட மேடு: 74 வரை போகுது
அதே மேட்டின் மறுபக்க இறக்கம்: 52க்கு வந்துடுது
நின்ன இடத்தில் ஐடில்: 55 பக்கம்

வெளியே 26 டிகிரி. பி0128 கோடு (கூலண்ட் போதிய சூடு எட்டலைங்கிற பிழைக் குறி) திரும்பத் திரும்ப வருது. தெர்மோஸ்டாட்டைப் புதுசா மாத்தியாச்சு, அதே 82தான். பழசுக்கும் புதுசுக்கும் 2 டிகிரி கூட வித்தியாசம் இல்லை. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைஞ்சிருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை ரொம்ப நேரம் நிக்குது. ஆயில் டிப்ஸ்டிக்கில் மட்டம் கடைசி சர்வீஸுக்கு அப்புறம் 4 மி.மீ. ஏறியிருக்கு. பேன் சத்தமும் எப்பவும் அதிகமாவே கேக்குது.

அடுத்து எதைப் பார்க்கணும்? சென்சார் பொய் சொல்லுதா, பேன் கிளட்ச் (தேவைப்படும்போது மட்டும் பேனை வேகமா சுத்த வைக்கிற பாகம்) பிடிச்சுக்கிச்சா? "கூலா ஓடினா இன்ஜினுக்கு நல்லதுதானே, விடு" என்கிறவங்களும் இருக்காங்க. அது சரியா?


மல்டிமீட்டர்:

நீங்கள் கொடுத்த நாலு எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. வெப்பநிலை தவறாக இருக்கிறதா என்பதை விட, எப்படித் தவறாக இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

முள் ஓர் இடத்தில், எந்த லோடிலும் அசையாமல், ஆனால் தாழ்வாக நின்றால் இரண்டு காரணம்தான். ஒன்று, குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிறது (82க்குப் பதில் 71). இன்னொன்று, அளவு பொய். இரண்டிலும் இன்ஜின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

முள் லோடுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஆடினால் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தவே இல்லை. உங்களுக்கு மேட்டில் 74, இறக்கத்தில் 52. அதாவது 22 டிகிரி ஊசலாட்டம், அதுவும் 82க்குக் கீழேயே. 82க்குக் கீழே ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகவே கூடாது. போகிறது.

ஆனாலும் சென்சாரைச் சந்தேகப்பட்டுத் தீர்த்துவிட்டே மேலே போகலாம், அரை மணி நேர வேலைதான். இதில் உள்ளது என்டிசி வகை. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும். மிகப் பரவலாக உள்ள ஒரு வகையின் அளவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 20 டிகிரியில் 2500 ஓம், 60இல் 600, 80இல் 320, 100இல் 186. உங்கள் வண்டியின் அட்டவணை வேறாக இருக்கலாம், மேனுவலைப் பாருங்கள். முறை ஒன்றேதான்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று. கனெக்டரில் துரு பிடித்தால் அந்தத் துருவின் ரெசிஸ்டன்ஸும் சென்சாரோடு சேர்ந்துகொள்ளும். 320 ஓமோடு 200 ஓம் துரு சேர்ந்தால் 520. ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதை 65 டிகிரி என்று படிக்கும். இன்ஜின் உண்மையில் 80இல் ஓடிக்கொண்டிருக்கும். என்டிசி சர்க்யூட்டில் மோசமான இணைப்பு எப்போதும் குளிர்ச்சியாகவே காட்டும், சூடாகக் காட்டாது. வயர் முழுதாக அறுந்தால் மைனஸ் 40, எர்த்தோடு ஷார்ட் ஆனால் உச்ச சூடு.

சோதனை: கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். ஸ்கேனரில் 79, 80 வர வேண்டும். 65 காட்டினால் குற்றம் வயரிங்கில். சரியாகக் காட்டினால் வயரும் ஈசியுவும் சுத்தம். அடுத்து, சென்சாரின் ரிட்டர்ன் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, சாவி போட்ட நிலையில் வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய வண்டிகளில் மீட்டருக்குத் தனி சென்சார், ஈசியுவுக்குத் தனி சென்சார் இருக்கும். மீட்டருடையது ஒற்றை வயர், மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி மாட்டினால் எர்த் கெட்டு முள் கீழேயே கிடக்கும். உங்களுக்கு இரண்டும் ஒத்துப்போவதால் அந்தச் சந்தேகம் குறைவு.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஹவுசிங்கை (தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு) அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தில் அது 15, 20 டிகிரி கூடக் குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டி அளக்கவும். ஹோஸ் ரப்பர் கறுப்பு என்பதால் அதில் சிக்கல் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீரை விட மேல் தோல் சில டிகிரி குறைவாகவே இருக்கும்.


நிழல்நிறுத்தம்:

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ரேடியேட்டர் முன்னாடி ஒரு அட்டையை வெச்சு முக்கால்வாசி அடைச்சா சூடு தன்னால ஏறிடும்.


ஸ்பானர்17:

அட்டை வெச்சா முள் ஏறும், நோய் போகாது. அதோட இது டர்போ வண்டி. ரேடியேட்டருக்கு முன்னாடி இன்டர்கூலர் இருக்கு, டர்போ அழுத்தின காத்தை ஆற வைக்கிறது அது. அதை அடைச்சா உறிஞ்சுற காத்து சூடாகும், மேட்டுல எக்ஸாஸ்ட் சூடு எகிறும், பவரும் விழும். கடுங்குளிர் ஊர்ல முன்மூடி போடுறவங்க கூட நடுவுல திறப்பு விட்டுத்தான் போடுவாங்க. 26 டிகிரி வெயில்ல அட்டை வெக்க வேண்டியிருக்குன்னா உள்ளே எங்கேயோ கதவு திறந்து கிடக்குன்னு அர்த்தம்.

டிப்பர்வாசி அண்ணே, நீங்க தேட வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணி எந்த வழியா ரேடியேட்டருக்குத் திருட்டுத்தனமா போகுது?

எவ்வளவு சின்ன கசிவு போதும்னு ஒரு கணக்கு போடுவோம். 1 லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய 10 கிலோவாட் மணி நேர வெப்பம். காலி வண்டி மணிக்கு 10 லிட்டர் குடிக்குதுன்னு வெச்சா 100 கிலோவாட். அதுல நாலுல ஒரு பங்கு தண்ணிக்குப் போகும், 25 கிலோவாட். இப்போ நிமிஷத்துக்கு 11, 12 லிட்டர் கூலண்ட் ரேடியேட்டருக்குள்ள நுழைஞ்சு 35 டிகிரி குறைஞ்சு திரும்பினா அந்த 25 கிலோவாட்டும் காலி. வாட்டர் பம்ப் முழு வேகத்துல நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல தள்ளும். அதுல பத்துல ஒரு பங்கு கசிஞ்சா போதும், இன்ஜின் சூடே ஏறாது. மேட்டுல மட்டும் ஏறுறது ஏன்னா அங்கே டீசல் மூணு மடங்கு எரியுது.

இதே கணக்கு ஐடிலுக்கும். 1 லிட்டர் குடிச்சு நிக்கிற இன்ஜின் தண்ணிக்குக் கொடுக்கிறது 2, 3 கிலோவாட்தான். கேபின் ஹீட்டர் போட்டா அதுவே அவ்வளவையும் இழுத்துக்கும். குளிர் ஊர்ல ஐடில்ல முள் இறங்கினா அது கோளாறு இல்லை. ஐடிலை வெச்சு யாரும் தீர்ப்பு சொல்லாதீங்க, ஓடுற வண்டியில பாருங்க.

இப்போ ஹோஸ் சோதனை. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில பண்ணணும்.

முதல்ல உங்க தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம்னு பாருங்க. பெரும்பாலான லாரி இன்ஜின்ல ஹெட்டோட முன்பக்கம், தண்ணி வெளியே போற வழியில இருக்கும். அப்போ மேல் ஹோஸ்தான் சாட்சி. பம்ப் உறிஞ்சுற பக்கம் தெர்மோஸ்டாட் இருக்கிற இன்ஜின்ல மேல் ஹோஸ் எப்படியும் கொஞ்சம் சூடாகும், அங்கே கீழ் ஹோஸைத்தான் பார்க்கணும். இது தெரியாம நல்ல தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்றவங்க நிறைய.

கூலண்ட் மட்டம் சரியா இருக்கணும். குறைஞ்சா சென்சார் காத்துல நின்னு தாறுமாறா காட்டும். மூடியைக் குளிர்ந்த இன்ஜின்ல மட்டும் திறங்க.

ஸ்டார்ட் பண்ணி 1200 ஆர்பிஎம்ல பிடிங்க. ஸ்கேனர்ல 10 டிகிரி ஏற ஏற, மேல் ஹோஸை ரேடியேட்டர் முனையில, அதாவது ஹவுசிங்ல இருந்து தள்ளி, அளந்து எழுதுங்க. ஹவுசிங் பக்கத்துல அளந்தா உலோகம் கடத்துற சூட்டைக் கசிவுன்னு நினைச்சுடுவீங்க. நல்ல தெர்மோஸ்டாட்டுன்னா இன்ஜின் 75 காட்டும்போதும் அந்த முனை வெளிக்காத்தை விட 10, 15 டிகிரிதான் கூட இருக்கும். 82 தாண்டினதும் ஒரு நிமிஷத்துல தடால்னு சூடாகும். அதுக்குப் பதிலா இன்ஜினோட சேர்ந்தே அதுவும் படிப்படியா ஏறினா, கசிவு உறுதி.

கசியுற வழிகள், அதிகம் நடக்கிற வரிசையில:

தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கு. புதுசுலயும் வரும். வாளியில போட்டுப் பாருங்க, முறை கீழே சொல்றேன்.

தெர்மோஸ்டாட்டைச் சுத்தி இருக்கிற சீல். புதுசு போட்டும் மாறலைன்னா என் சந்தேகம் முழுக்க இங்கேதான். விளிம்புல ரப்பர் வளையம் வர்ற வகை ஒண்ணு. இன்னொரு வகையில தெர்மோஸ்டாட்டுக்கு வெளியே பித்தளைக் குழல் மாதிரி ஒரு ஸ்லீவ் மேலும் கீழும் ஓடும், ஹவுசிங்ல அழுத்தி இறக்கின உதட்டு சீல் ஒண்ணு அந்த ஸ்லீவைப் பிடிச்சிருக்கும். இந்த ரெண்டாவது வகையில சீல் தெர்மோஸ்டாட்டோட வராது, தனியா வாங்கணும். பத்துல ஒன்பது பேர் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாத்திட்டுப் பழைய சீலை அப்படியே விட்டுடுறாங்க. உதடு கருவாடு மாதிரி காஞ்சு வெடிச்சிருக்கும், வால்வு மூடினாலும் சுத்துப்பக்கமா தண்ணி ஓடும்.

காத்து போற துளை. தெர்மோஸ்டாட் தட்டுல ஆடுற சின்ன ஊசி இருக்கும். நிரப்பும்போது காத்தை விடும், ஓடும்போது துளையை அடைக்கும். ஊசி விழுந்திருந்தா கசியும். காத்து சீக்கிரம் வெளியேறணும்னு தட்டுல கூடுதலா 5, 6 மி.மீ. துளை போடுற கைவேலையும் உண்டு. விட்டம் ரெட்டிச்சா கசிவு நாலு மடங்குங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

வென்ட் ஹோஸ். ஹவுசிங்ல இருந்து மேல் டேங்குக்குப் போற மெல்லிசு பைப். அதோட முனையில சிறு துளை வெச்ச நிப்பிள் இருக்கும். அதை எடுத்துட்டுப் பெரிய ஹோஸ் மாட்டியிருந்தா தண்ணி தாராளமா போகும். மேல் டேங்க் ரேடியேட்டர் தலையிலேயே சேர்ந்திருக்கிற வண்டியில இது பெரிய கசிவு, ஏன்னா அந்தத் தண்ணி அப்படியே ரேடியேட்டர் வழியா இறங்கும். தனி டேங்குன்னா பாதிப்பு குறைவு. இடுக்கியால மெதுவா நெரிச்சு, 10 நிமிஷம் ஓட்டி வித்தியாசம் பாருங்க.

வாளிச் சோதனை: பாத்திரத்துல தண்ணி, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில தொங்க விடணும், அடி தொடக் கூடாது. நல்ல தெர்மாமீட்டர் ஒண்ணு. வால்வு இடுக்குல நூலைச் செருகித் தூக்கிப் பிடிங்க, திறக்கிற கணத்துல நழுவி விழும். அச்சுல இருக்கிற எண்ணுக்கு ரெண்டு டிகிரி மேல கீழே சரி. 93, 95ல முழுசா திறக்கணும், லாரி வகையில வால்வு 9, 10 மி.மீ. எழும்பும். உள்ளே இருக்கிற மெழுகு மெதுவா உருகும், அதனால கடைசி 10 டிகிரியை அவசரப்படாம, தண்ணியைக் கலக்கிக்கிட்டே ஏத்துங்க. அப்புறம் வெளியே எடுத்து ஆற விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க. மூடின வால்வுல வெளிச்சம் தெரிஞ்சா குப்பைத் தொட்டி.


டிப்பர்வாசி:

ரெண்டு பேருக்கும் நன்றி. செய்து பார்த்த கணக்கு இதோ.

330 ஓம் செருகினப்போ ஸ்கேனரில் 79. எர்த்தில் 0.02 வோல்ட். ஆக சென்சார் பக்கம் சுத்தம்.

தெர்மோஸ்டாட் வெளியேறும் பக்கம்தான் இருக்கு. காலையில் வெளியே 22 டிகிரி, 1200 ஆர்பிஎம்:

இன்ஜின் 30, மேல் ஹோஸ் ரேடியேட்டர் முனை 25
இன்ஜின் 40, ஹோஸ் 34
இன்ஜின் 50, ஹோஸ் 44
இன்ஜின் 57, ஹோஸ் 52. அதுக்கு மேல ஏறவே இல்லை.

வென்ட் ஹோஸை நெரிச்சேன், ஒரு மாற்றமும் இல்லை. தனி டேங்க்தான். வாளியில் புது தெர்மோஸ்டாட் 82இல் நூலை விட்டது, 94இல் முழுசா திறந்தது, வால்வு 10 மி.மீ. எழும்பிச்சு. ஆறினதும் வெளிச்சம் தெரியலை. பழசும் கிட்டத்தட்ட அப்படியேதான், அதை மாத்தினது வீண்.

ஸ்பானர்17 சொன்ன ஸ்லீவ் வகைதான் இது. ஹவுசிங்குள்ள கறுப்பா ஒரு வளையம் தெரியுது, கை விட்டுப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கு. மாத்தப் போறேன். மாத்தும்போது எதைக் கவனிக்கணும்? பேன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே.


ஸ்பானர்17:

அவ்வளவுதான், ஆளைப் பிடிச்சாச்சு. 57க்கு 52 காட்டுற ஹோஸ் மூடின கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஹோஸ் இல்லை.

பழைய சீலை எடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை ஹவுசிங் சுவர்ல வெச்சு நெம்பாதீங்க. அலுமினியத்துல கீறல் விழுந்தா புது சீலுக்கு வெளியே புது கசிவு வழி உண்டாகும். சீலோட இரும்பு வளையத்தை உள்பக்கமா மடக்கி இழுங்க. எடுத்த பிறகு பள்ளத்தைப் பாருங்க. வெள்ளையா அரிச்சுக் குழி விழுந்திருந்தா மெல்லிசு எமரித் தாளால சுத்தம் பண்ணுங்க. குழி ஆழமா இருந்தா ஹவுசிங்கையே மாத்தணும், பசையை நம்பாதீங்க.

புது சீலைச் சமமான தட்டு ஒண்ணு வெச்சு நேரா இறக்கணும், ஒருபக்கமா சுத்தியலால தட்டினா கோணும். உதடு தண்ணி அழுத்தம் வர்ற பக்கம் பார்க்கணும், அதாவது இன்ஜின் பக்கம். திருப்பிப் போட்டா அழுத்தம் ஏற ஏற உதடு மடங்கிக் கசியும். ரப்பர்ல கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவாதீங்க. கூலண்ட் சீல்ல பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிடும். சோப்புத் தண்ணியோ கூலண்டோ போதும்.

ஸ்லீவோட வெளிப்பக்கத்தை நகத்தால தடவுங்க. சீல் உரசுற இடத்துல பள்ளம் தட்டுப்பட்டா அந்த தெர்மோஸ்டாட் வேண்டாம். உங்களது புதுசுதான், ஆனாலும் கல்லு மாதிரி இருக்கிற சீலோட ஓடியிருக்கு, பாருங்க. ரெண்டு தெர்மோஸ்டாட் இருக்கிற பெரிய இன்ஜினா இருந்தா ரெண்டு சீலையும் சேர்த்தே மாத்தணும். ஒண்ணு கசிஞ்சாலும் இதே கதைதான்.

மெழுகு பல்பு இன்ஜின் பக்கம். ஆடுற ஊசி இருந்தா உச்சியில வரணும். போல்ட் முறுக்கு மேனுவல் சொல்ற அளவுக்கு, டார்க் ரெஞ்ச்ல.

நிரப்பும்போது கேபின் ஹீட்டர் வால்வைத் திறந்து வெச்சு, வென்ட்டைத் திறந்து, நிமிஷத்துக்கு 10 லிட்டருக்கு மேல போகாம மெதுவா ஊத்துங்க. இப்போ சீல் நல்லா அடைக்கும், அதனால காத்தும் ஊசித்துளை வழியாத்தான் வெளியேற முடியும். முன்னாடி கசிவு வழியா சுலபமா போயிட்டிருந்தது. அவசரப்பட்டு நிரப்பினா ஹெட்ல காத்து நின்னு நேர்மாறா ஓவர்ஹீட் ஆகும்.

இன்னொண்ணு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு ஓட்டினா என்னன்னு யாராவது ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுறேன். கூலாத்தானே ஓடும், போகட்டும்னு நினைக்காதீங்க. தெர்மோஸ்டாட் முழுசா திறக்கும்போது அதோட அடிப்பகுதி பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி இன்ஜினுக்கே திரும்புற வழி) மூடும் இன்ஜின்கள்ல, அது இல்லைன்னா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும். லேசான ஓட்டத்துல கூலா இருக்கும், முழு லோடு மேட்டுல தண்ணியில ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாம சுத்திச் சுத்தி வந்து கொதிக்கும். ஒரே வண்டியில ரெண்டு நோய்.


மல்டிமீட்டர்:

பேன் பற்றி. வெளியேறும் பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில், அது நன்றாக மூடினால் ரேடியேட்டரில் ஓட்டமே இல்லை. பேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் குளிர்விக்க அங்கே சூடான தண்ணீர் கிடையாது. பிளாக்கின் மேல் வீசும் காற்றால் போகும் வெப்பம் சிறிது உண்டு, அது 20 டிகிரியைத் தின்னாது. ஆகவே பிடித்துக்கொண்ட பேன் கிளட்ச் குளிர்ச்சிக்கு மூலகாரணம் ஆகாது. ஏற்கெனவே கசிவு இருந்தால் அதை மோசமாக்கும், அவ்வளவே. பேன் கிளட்சை முதலில் மாற்றிவிட்டு "இரண்டு மூன்று டிகிரி ஏறியது, ஆனால் சரியாகவில்லை" என்று பலர் குழம்புவதன் காரணம் இது.

ஆனாலும் சத்தம் சத்தம்தான், சோதியுங்கள். விஸ்கஸ் வகையில் (உள்ளே உள்ள கெட்டியான எண்ணெய் வழியாகப் பேனைச் சுழற்றுவது) இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஓரிரு நிமிடம் இரைவது இயல்பு, சிலிக்கோன் எண்ணெய் உள்ளே வடிந்து நிற்பதால். அதன் பிறகு அடங்க வேண்டும். அடங்காமல், இன்ஜின் குளிராக இருக்கும்போதே புல்லிக்கு நிகரான வேகத்தில் பேன் சுற்றினால் கிளட்ச் பிடித்துவிட்டது. பேன் இதழில் ஒளியைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளி டேகோமீட்டரால் (சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) தள்ளி நின்று அளங்கள். சுருட்டிய செய்தித்தாளைச் செருகி நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. விரலோடு போகும் பழக்கம் அது.

காற்றழுத்தத்தில் இயங்கும் ஆன்-ஆஃப் கிளட்ச் என்றால் முறை வேறு. சிலவற்றில் காற்று வந்தால் பேன் ஓடும், சிலவற்றில் காற்று போனால் ஸ்பிரிங் பிடித்து ஓடும். இரண்டாவது வகையில் ஹோஸ் கசிந்தாலே, சோலினாய்டுக்கு (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு) வயர் அறுந்தாலே பேன் நிரந்தரமாக ஓடும். ஏசி பிரஷர் சுவிட்சும் பேனை ஓடச் சொல்லும், அதைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை.


ஈரமணல்:

"கூலா ஓடினா நல்லது" என்கிற கேள்விக்கு. நல்லதல்ல. டிப்ஸ்டிக் ஏறியதாக நீங்கள் எழுதிய வரிதான் இந்தத் திரியிலேயே எனக்குக் கவலை தந்தது.

டீசல் தானாகப் பற்றுவது அழுத்தத்தால் எழும் சூட்டில். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் பற்றத் தாமதமாகிறது, சுவரை ஒட்டிய டீசல் எரியாமலே நிற்கிறது. அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியேறும். இன்னொரு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். எரிந்ததில் உண்டான நீராவியும் குளிர்ந்த கிராங்க்கேஸில் தண்ணீராகப் படிகிறது. ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகிப் பிரீதர் (கிராங்க்கேஸின் காற்றுப் போக்கி) வழியே வெளியேறும். சூடாகாத இன்ஜினில் அந்தத் தண்ணீரும் டீசலில் உள்ள கந்தகமும் சேர்ந்து அமிலமாகி லைனரையும் பேரிங்கையும் அரிக்கும். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் கூழ் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஈசியுவும் சும்மா இருக்காது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி இன்ஜெக்ஷன் நேரத்தை மாற்றும், ஐடிலை ஏற்றும், பல வண்டிகளில் ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) மூடி வைக்கும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டியானால் சூடு ஒரு அளவைத் தொடாதவரை ரீஜெனரேஷனே, அதாவது அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்வதே, தொடங்காது, புகைக்கரி நிறைந்துகொண்டே போகும். டிபிஎஃப் அடைப்பு என்று வரும் வண்டியிலும் முதலில் கூலண்ட் வெப்பத்தைப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

உங்கள் ஆயிலுக்கு வருவோம். மட்டம் ஏறியதற்கு டீசலா கூலண்டா என்று தெரிய வேண்டும். ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் பரவினால் டீசல். சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் படபடவென வெடித்தால் தண்ணீர். மூக்குக்கும் டீசல் தெரியும், ஆனால் மூக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆயில் சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்ப முடிந்தால் டீசல் கலப்பு சதவீதமும் பிசுக்குமையும் கேளுங்கள். ஒரு கிரேடு இறங்கியிருந்தால் அந்த ஆயிலை ஓட்டக் கூடாது.

எப்படியிருந்தாலும் சீல் மாற்றும் அன்றே ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். சூடாகிவிட்டால் டீசல் ஆவியாகிப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர் போகும், டீசல் பெரும்பகுதி போகாது, அதன் கொதிநிலை மிக உயரம்.


டிப்பர்வாசி:

சீல் மாத்தியாச்சு. கழட்டினப்போ உதடு ஒரு பக்கம் ஏறக்குறைய 15 மி.மீ. நீளத்துக்கு உடைஞ்சே போயிருந்தது. ஸ்லீவில் பள்ளம் இல்லை, அதே தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டேன். ஆயிலும் பில்டரும் மாத்திட்டேன். வடிதாளில் அகலமான வெளிறிய வளையம் வந்தது, தகட்டில் சத்தம் இல்லை. ஆக டீசல்.

இப்போ கணக்கு: காலி வண்டி சமதளத்தில் 83, 84. முழு லோடு மேட்டில் 89. இறக்கத்தில் 79க்குக் கீழே வரலை. காலையில் இன்ஜின் 75 காட்டும்போது ஹோஸ் முனை 34.

பேன் டேகோமீட்டரில் இன்ஜின் குளிராக இருக்கும்போதே புல்லி வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவா ஓடுது. ஸ்டார்ட் பண்ணி 10 நிமிஷம் ஆனாலும் அடங்கலை. அதை இன்னும் தொடலை, அப்படியும் 83 நிக்குது. மல்டிமீட்டர் சொன்னது சரி.

பி0128 அழிச்சேன். திரும்ப வருமா?


மல்டிமீட்டர்:

அந்தக் கோடு குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் சூடு ஏறுகிறதா என்று பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லும். சூடான இன்ஜினில் எத்தனை முறை ஓட்டினாலும் சோதனை நடக்காது. இரண்டு மூன்று நாள், இரவு முழுக்க நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து நேராகச் சாலையில் ஓட்டுங்கள், ஐடிலில் வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

பேன் கிளட்சை விட்டுவிடாதீர்கள். சூடு ஏறாததற்கு அது காரணம் இல்லை, ஆனால் டீசல் செலவு கூடுவதற்குக் காரணம். நிரந்தரமாகப் பிடித்த பேன் பெரிய வண்டிகளில் 20 கிலோவாட்டுக்கும் மேல் தின்னும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு) ஏறும் சுமை அது, நெடுஞ்சாலை ஆர்பிஎம்மில்தான் வலிக்கும். நீங்கள் இழந்த அரை கிலோமீட்டரில் ஒரு பங்கு அங்கேயும் இருக்கிறது.


ஈரமணல்:

புது ஆயில் மட்டத்தை இன்றே குறித்து வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 15 நிமிடம் கழித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேர இடைவெளியில் பாருங்கள். 50 மணி நேர ஓட்டத்தில் ஏறாமல் இருந்தால் டீசல் வந்தது குளிர்ச்சியால் மட்டுமே. 84 டிகிரியில் ஓடியும் மட்டம் ஏறினால் அது வேறு வழக்கு. இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல்) ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பிடித்து ஒப்பிடுங்கள், அடுத்து ஹை பிரஷர் பம்பின் ஷாஃப்ட் சீல். ஒரு சிலிண்டரின் ரிட்டர்ன் மட்டும் மற்றவற்றை விடத் தனித்துக் கூடுதலாக இருந்தால் அந்த இன்ஜெக்டரை முதலில் கழற்றுங்கள்.